முறிகண்டி வந்தும் வெடிக்காத வேட்டு

போன வருடம் மாத்தளை நகர மைதானத்தில் நடந்தது இது. மழை பெய்வதும் விடுவதுமாக இருந்த ஒரு சனிக்கிழமை காலை. விழா என்றால் சந்தோஷமாகப் போவார்கள். நான் மட்டும் பயந்துகொண்டு போனேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வன்னியில் பிறந்து வளர்ந்தவள். மாத்தளையில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை. பலாபத்வலயில் வாடகை வீட்டில் பத்து வயது மகளோடு இருக்கிறேன். கணவருக்கு வவுனியாவில் வேலை, மாதத்தில் இரண்டு தடவை வந்துபோவார். மகள் இங்கேயே பிறந்தவள். பேச்சும் இந்த ஊர்ப் பேச்சுத்தான். நான் "வாங்கோ, இருங்கோ" என்று யாரையாவது கூப்பிட்டால், அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் கேலி செய்வாள். போரைப் பற்றி அவளுக்குப் பாடப் புத்தகத்தில் உள்ளதுதான் தெரியும். அவளுடைய தாத்தா, அதாவது என் அப்பா, சுகமில்லாமல் செத்துப்போனார் என்று சொல்லி வைத்திருந்தேன். அதற்கு மேல் அவளும் கேட்டதில்லை, நானும் வாயைத் திறந்ததில்லை.

அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு, தமிழுக்குச் சண்டை பிடிக்கிற ஆள் என்று. விழாக்களில் சிங்களத்தில் அறிவிப்பார்கள், ஆங்கிலத்தில் அறிவிப்பார்கள், தமிழ் என்று வரும்போது எல்லோருக்கும் நேரம் போதாமல் போய்விடும். நான் ஒவ்வொரு கூட்டத்திலும் இதைக் கேட்டுக் கேட்டு எல்லோருடைய காதையும் புண்ணாக்கியிருந்தேன். கடைசியில் என் மேலதிகாரி அம்மா, நல்ல மனுஷி, "இந்த முறை தமிழும் இருக்கும், நீங்களே மொழிபெயர்த்து நீங்களே வாசியுங்கள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. என்ன விழா என்றுகூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டேன்.

தலைநகரில் அரச விழாக்களுக்கென்றே ஓர் இராணுவக் கட்டளையகம் இருக்கிறது. வெளிநாட்டுத் தலைவர்கள் வந்தால் மரியாதை அணிவகுப்பு, கொடியேற்றம், பெரியவர்களின் இறுதிப் பயணம், எல்லாவற்றையும் நடத்துவது அவர்கள்தான். அவர்கள் தங்கள் வரலாற்றைக் கண்காட்சியாக மாவட்டம் மாவட்டமாகக் கொண்டு வந்தார்கள். பழைய சீருடைகள், படங்கள், பேண்ட் வாத்தியம், எல்லாம் வரும். நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில் இருந்தது: பீரங்கி மரியாதை வேட்டு.

அந்த வரியைப் படித்ததும் என் பெருமை எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். எனக்குச் சீருடையைப் பார்த்தாலே உள்ளுக்குள் ஒன்று சுருண்டுகொள்ளும். ஆமிக்காரர் யாரும் இப்போது என்னை ஒன்றும் செய்யப் போவதில்லை என்று புத்திக்குத் தெரியும். உடம்புக்கு அதை யாரும் சொல்லவில்லை. கலியாண வீட்டுப் பட்டாசுக்கே நான் சமையலறைக்குள் போய் எதையாவது கழுவுகிற மாதிரி நிற்பேன். இதில் பீரங்கியாம், அதுவும் பக்கத்திலாம்.

என்றாலும் மொழிபெயர்ப்பை விடவில்லை. வரலாறு சுவையாகத்தான் இருந்தது. ஆளுநர்கள் காலத்தில் வெயிலில் கம்பளிச் சட்டை போட்டு நின்ற வெள்ளைக்காரச் சிப்பாய்கள், பிறகு அவர்களிடம் பயிற்சி பெற்ற நம் நாட்டு ஆட்கள், ஒரு கொடி இறங்கி இன்னொரு கொடி ஏறிய நாளில் அதே ஆட்கள் அதே நடை நடந்தது, என்று போனது. வேட்டுச் சம்பிரதாயம் எப்படி வந்தது என்று முடிவில் ஒரு பந்தி. அந்தக் காலத்தில் கப்பல்கள் துறைமுகத்துக்கு வரும்போது தம் பீரங்கிகளை முழுவதும் சுட்டுத் தீர்த்துவிடுமாம். என் பீரங்கியில் இனி ஒன்றும் இல்லை, உன்மேல் நான் வரவில்லை என்று கரைக்குக் காட்டுவதற்காக. அந்த வரியை மொழிபெயர்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை. எங்கள்மேல் வந்த பீரங்கிகளில் ஒருநாளும் ஒன்றும் தீர்ந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வேலைக்கு எனக்கு ஆலோசகர் ஒருவர் வாய்த்திருந்தார். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர். முஸ்லிம் மனுஷர், இந்த ஊரிலேயே பரம்பரையாக இருக்கிற குடும்பம். நான் அவரை நானா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவேன். அதே கட்டளையகத்தில்தான் கொழும்பில் காலமெல்லாம் வேலை செய்து, சார்ஜன்ட்டாக ஓய்வு பெற்றவர். மரியாதை வேட்டுக்கு "சுடு" என்று கட்டளை கொடுக்கிற ஆளாக இருந்தவர். ஒரு நாளும் போர்முனைக்குப் போனதில்லை. அதனால் ஊரில் அவருக்கு வெத்துவேட்டு சார்ஜன்ட் என்று பட்டம். தெரிந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

மற்றபடி ஆள் பெரிய தொல்லை. கேட்டை எந்தப் பக்கம் பார்த்துப் பூட்ட வேண்டும், தண்ணீர் மோட்டரை எப்போது போட வேண்டும், எல்லாவற்றுக்கும் அணிவகுப்புச் சட்டம் வைத்திருப்பார். மொழிபெயர்ப்பைப் பார்க்கிறேன் என்று வந்து மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். கட்டளைகளை இங்கிலீசிலிருந்து சிங்களத்துக்கு மாற்றியபோது, பழைய சிப்பாய்களின் கால் கொஞ்ச நாளைக்குச் சிங்களத்துக்கு அசையவே இல்லையாம். மூத்தவர்கள் சொல்லிக் கேட்டதாகச் சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்தார். நான் பீரங்கியைப் பற்றி மட்டும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒத்திகை. நானும், சிங்களம், ஆங்கிலம் வாசிக்கிற இளம் லெப்டினன்ட் ஒருவரும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் இருந்தோம். மைதானத்தின் அடுத்த ஓரத்தில் பீரங்கிகள். ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கும் அழைப்பு இருந்ததால் நானாவும் வந்திருந்தார். வாசிப்பெல்லாம் நன்றாகப் போனது. சுடப் போகிறார்கள் என்று லெப்டினன்ட் எனக்குக் கை காட்டினார். நானும் தயார்தான் என்று புன்னகை செய்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது ஈரப் புல்லின் மணம். மேசைக்குக் கீழே குப்புறக் கிடக்கிறேன். எப்போது விழுந்தேன் என்று எனக்கே தெரியாது. நாற்காலி ஒரு பக்கம், என் காகிதங்கள் ஒரு பக்கம். யாரோ சிரித்தார்கள். லெப்டினன்ட் பதறி வந்து கை கொடுத்தார். அந்தக் கையை என்னால் பிடிக்க முடியவில்லை. மேசைக் காலைப் பிடித்து எழுந்து, "செருப்பு வழுக்கிவிட்டது" என்று சிங்களத்தில் சொன்னேன். மற்ற வேட்டுகளை நான் கேட்கவில்லை. கைகழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

மேலதிகாரி அம்மா பின்னாலேயே வந்தார். திட்டவில்லை. தோளில் கை வைத்து, "கஷ்டமென்றால் விட்டுவிடுங்கள் மகள், ஒன்றும் குறையாது, சிங்களமும் ஆங்கிலமும் போதும்தானே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஊசியாகக் குத்தியது. இத்தனை வருடம் நான் சண்டை பிடித்தது எதற்கு? நாளைக்குத் தமிழ் இல்லையென்றால் அதற்கு இந்த முறை காரணம் நான். அடுத்த முறை கேட்டாலும், அன்றைக்குக் கொடுத்தோமே என்பார்கள். அதைவிட, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் என் மகள் முன்னால் உட்காரப் போகிறாள். எங்கம்மாதான் மைக்கில் பேசப் போறாங்க என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவள் கண்ணுக்கு முன்னால் நான் அப்படி விழுந்தால், ஏன் விழுந்தேன் என்று அவளுக்கு என்ன சொல்வேன்? செருப்பு எத்தனை தரம் வழுக்கும்?

"செய்கிறேன்" என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து தேநீர் ஊற்றிக்கொண்டு இருந்தபோது நானா வந்தார். தண்ணீர் மோட்டர் சத்தம் மாறியிருக்கிறது, பார்க்க வேண்டும் என்றார். பின்பக்கம் போய் மோட்டரைத் தட்டினார், குனிந்தார், நிமிர்ந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"மிஸ், நீங்க எங்க இருந்தீங்க, சண்டையோட அந்தக் கடைசி நேரத்துல?"

நான் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கழுவத் தொடங்கினேன்.

"பயந்தவங்க துள்ளுவாங்க, காதப் பொத்துவாங்க. எத்தன பேரப் பாத்திருக்கேன். நீங்க அப்பிடி இல்ல. வாயத் தொறந்துகிட்டு, மொழங்கைய ஊண்டி, குப்புற விழுந்தீங்க. அது பழகின ஆள் விழுறது."

எனக்குப் பயங்கரமாகக் கோபம் வந்தது. ஏன் என்று இப்போதும் விளங்கவில்லை. "ஓம் நானா, பழகினனான்தான். நீங்கள் கொழும்பில பட்டனை மினுக்கிக்கொண்டு நிண்ட நேரம் நாங்கள் பங்கருக்குள்ள பழகினனாங்கள். இப்ப அதுக்கு என்ன செய்யச் சொல்லுறியள்?" என்று கேட்டுவிட்டேன். வீட்டுச் சொந்தக்காரரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கோபிக்கவில்லை. மழைத் தண்ணீர் பிடிக்கிற வெறும் பிளாஸ்டிக் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நானாகவே சொல்லத் தொடங்கினேன். தூரத்தில் "டும்" என்று குண்டு கிளம்புகிற சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்குவோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று. விழுகிற சத்தம் வேறெங்கோ கேட்டால் அந்த முறை தப்பினோம். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. உடனே வரலாம், விடியும்வரை வராமலும் இருக்கலாம். அந்த இடைவெளிதான் ஆளைத் தின்னும் என்று சொன்னேன்.

நானா தாடியைத் தடவிக்கொண்டார். "நானும் வாழ்நாளெல்லாம் எண்ணின ஆள்தான் மிஸ்" என்றார்.

மரியாதை வேட்டில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கடிகாரம் இருந்தாலும் அந்தக் காலத்திலிருந்தே வேறொரு வழக்கம் உண்டாம். கட்டளை கொடுக்கிற ஆள் வாய்க்குள் ஒரு வாசகத்தை முணுமுணுப்பான். அது முடிந்ததும் "சுடு" என்பான். வெள்ளைக்காரர்கள் ஏதோ ஒரு வேடிக்கை வாசகம் வைத்திருந்தார்கள். நம்மவர்கள் அதை அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டார்கள்.

"உங்கட என்ன நானா?" என்று கேட்டேன்.

அவருக்குச் சற்று வெட்கமாகப் போய்விட்டது. "பஸ் நிக்கிற ஹோல்ட்டுங்கதான். கேகாலை, மாவனெல்ல, கடுகண்ணாவ, பேராதெனிய, கட்டுகஸ்தொட்ட, அக்குறண, மாத்தள, பலாபத்வல. எறங்கு! அந்த எறங்குக்குத்தான் சுடச் சொல்றது. எத்தன ஜனாதிபதிக்குச் சுட்டாலும் நான் ஒவ்வொரு வேட்டுக்கும் ஒருக்கா வீட்டுக்கு வந்துட்டுத்தான் போவேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"எப்ப வரும்னு தெரியாத சத்தத்துக்குத்தான் ஒடம்பு பயப்புடும் மிஸ். இது சொல்லிட்டு வார சத்தம். முதலாவதுக்கு லெப்டினன்ட் கை காட்டுவாரு. மத்ததுக்கெல்லாம் உங்க வாயிலயே இருக்குது. நீங்க ஊருக்குப் போனா எங்க எறங்குவீங்க?"

"முறிகண்டியில."

"அப்ப இங்கருந்து முறிகண்டிக்குப் போங்க பாப்போம்."

எங்கள் வீட்டு வாசலில் ஓடுகிற கண்டி–யாழ்ப்பாணம் வீதிதான் முறிகண்டிக்கும் போகிறது. அவருடைய பஸ் முடிகிற இடத்தில் என்னுடையது தொடங்கியது. நாலந்தா, நாவுல, தம்புள்ள, மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி. இறங்கு என்றதும் நானா எழுந்து பீப்பாயில் ஓங்கி ஓர் அடி அடித்தார். நான் துள்ளினேன். கீழே விழவில்லை.

சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து, தானே அடிப்பதாகக் கேட்டு ஒரு விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டாள். இருட்டுகிற வரைக்கும் நான் ஊர்களைச் சொல்ல, அவள் பீப்பாயை அடிக்க, நானா இடைவெளியைத் திருத்தினார். "தம்புள்ளயில டீ குடிக்காதீங்க மிஸ், லேட்டாகுது" என்பார். "வவுனியாவ ஓடித் தாண்டுறீங்க, மெதுவா" என்பார். மகள் சிரித்துச் சிரித்துப் பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்போடு இன்னொன்றும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. முறிகண்டிக்குப் பிறகும் அந்தப் பாதை போகிறது. கிளிநொச்சி, பரந்தன். பரந்தன் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் வேறொரு பட்டியல். அது பஸ்ஸில் போன பட்டியல் இல்லை. டிராக்டரிலும் சைக்கிளிலும் நடந்தும், மூட்டையோடு இடம் மாறி இடம் மாறிப் போன பட்டியல். அந்தப் பாதையில்தான் அப்பாவைப் புதைக்கக்கூட நேரமில்லாமல் விட்டுவிட்டு வந்தோம். அதை நான் நானாவிடம் சொல்லவில்லை. முறிகண்டியில் இறங்கிவிட்டால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மைதானம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மகள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டியபடியே இருந்தாள். இடப்பக்கம் ஓய்வு பெற்ற சிப்பாய்கள். நானா பழைய கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, தாடியைச் சீவி, அசல் மாப்பிள்ளை மாதிரி நின்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை. அணிவகுப்பில் நிற்கிற ஆள் முன்னால்தான் பார்க்க வேண்டும் என்று அவர் எங்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறார். கேட் பூட்டுகிற விஷயத்தில்கூட.

வரலாற்றை வாசித்தேன். தமிழ் அந்த மைதானத்தில் ஒலிபெருக்கி வழியாகப் போய் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பின் வரிசைகளில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ச் சனம் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது. அதைக் கண்டபோது ஒரு நிமிடம் பயம்கூட மறந்துபோனது.

பிறகு லெப்டினன்ட் கை காட்டினார். மைக்கை அணைத்துவிட்டு, அதன் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

முதல் வேட்டு. நெஞ்சுக்குள் யாரோ உதைத்தது போல இருந்தது. மரங்களிலிருந்த காகம் எல்லாம் கிளம்பிவிட்டது. என் முழங்கால் மடங்கத் தொடங்கியது. நாலந்தா என்றேன். நாவுல. தம்புள்ள. மடங்கிய கால் அப்படியே நின்றது. மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா. ஓமந்தையில் கண்ணை மூடினேன். முறிகண்டி, இறங்கு. வெடித்தது. சரியாக அந்த இடத்தில் வெடித்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் முறிகண்டிக்கு வந்து வந்து வெடித்தது. விழாமல் நின்றேன். யார் சுடுகிறார்கள் என்பதே மறந்துபோனது. நான்தான் சுடச் சொல்கிறேன் போல இருந்தது.

கடைசி ஒன்று பாக்கி. அது முடிந்ததும் உடனே முடிவுரையை வாசிக்க வேண்டும். ஆகவே முன்கூட்டியே மைக்கைப் போட்டு வைத்தேன். வென்றுவிட்டேன் என்ற நினைப்பு. மகளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன். நாலந்தா, நாவுல, என்று வாய்க்குள் முணுமுணுத்துக் கிளம்பிப் புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, இறங்கு.

வெடிக்கவில்லை.

ஏதோ கோளாறு என்று பிறகு சொன்னார்கள். ஒரு பீரங்கி வெடிக்காவிட்டால் தயாராக நிற்கிற இன்னொன்று சுட வேண்டும், அதற்குச் சில விநாடிகள் பிடிக்கும். அது எனக்கு எப்படித் தெரியும்? மைதானம் முழுக்க மூச்சுவிடாத அமைதி. எனக்குத் தெரிந்த அமைதி அது. கிளம்பிவிட்டது, இன்னும் விழவில்லை என்கிற அமைதி. என் வாய் நிற்கவில்லை. கிளிநொச்சி என்று சத்தமாகவே சொன்னது. பரந்தன் என்றது. பிறகு நான் தடுக்கத் தடுக்க அது வலப்பக்கம் திரும்பிவிட்டது. தருமபுரம். விசுவமடு.

அப்போதுதான் என் குரல் மலையில் பட்டுத் திரும்பி வருவது கேட்டது. மைக் போட்டபடியே இருந்தது. மாத்தளை முழுவதற்கும் கேட்கும்படி நான் அந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். நிறுத்த முடியவில்லை. உடையார்கட்டு என்றேன். முழங்கால் இரண்டும் விட்டுவிட்டது. புல்லின் மணம் மூக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"நாலந்தா!"

யாரோ கத்தினார்கள். அணிவகுப்பு மைதானத்தில் கட்டளை கொடுக்கிற குரல். பார்த்தேன். ஓய்வு பெற்றவர்களின் வரிசையைவிட்டு நானா ஓரடி முன்னால் வந்து நின்றார். கொடியைப் பார்க்க வேண்டிய முகம் என்னைப் பார்த்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வேட்டு முடியும்வரை ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது என்கிற மனுஷர், வாழ்நாள் முழுவதும் அதைக் காப்பாற்றிய மனுஷர், நடு மைதானத்தில் எனக்காக மறுபடி கத்தினார். "நாலந்தா, மிஸ்! திரும்பவும் நாலந்தா!"

நாலந்தா என்றேன். நாவுல என்றேன். தம்புள்ளைக்கு வருவதற்குள் வேட்டு வெடித்தது. மைக் தண்டோடு சேர்ந்து நான் ஆடினேன். விழவில்லை.

லெப்டினன்ட் என்னைப் பார்த்தார், வாசிக்கட்டுமா என்று சாடையில் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். காகிதத்தைக் கீழே வைத்தேன். எனக்கு மனப்பாடம்தான். "அந்தக் காலத்தில் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் தம் பீரங்கிகளைச் சுட்டுத் தீர்த்துவிடும். என்னிடம் இனி ஒன்றும் இல்லை, உன்மேல் நான் வரவில்லை என்பதே இந்த வேட்டின் பொருள்" என்று சொன்னேன். இரண்டு நாள் முன்பு சிரித்துக்கொண்டு எழுதிய அதே வரி. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. அந்த வரியை என் வாயால், என் மொழியில், அந்தப் பீரங்கிகளுக்கு முன்னால் நின்று சொன்னேன். அது உண்மையா பொய்யா என்று யோசிக்கவில்லை. உண்மையாக இருக்க வேண்டும் என்று மட்டும் ஆசையாக இருந்தது.

விழா கலைந்தபோது, அந்த ஊர்ப் பெயர்கள் எழுத்துப் பிரதியில் இல்லையே என்று மேலதிகாரி அம்மா கேட்டார். "பஸ் நிற்கிற இடங்கள்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அடுத்த விழாவுக்கும் நீங்கள்தான் என்றார். நானாவை அவருடைய பழைய கூட்டாளிகள் பிடித்துக்கொண்டு ஏச, காலில் நரம்பு இழுத்துவிட்டது என்று அவர் சத்தியம் செய்துகொண்டிருந்தார். எனக்குச் செருப்பு, அவருக்கு நரம்பு. நன்றி சொல்லப் போனால், மோட்டருக்கு ஆள் வரப் போகிறான், சாவியைக் கொடுத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டார்.

கூட்டத்துக்குள் என்னைத் தேடி ஒரு அம்மா வந்தார். யாரென்று தெரியாது. எங்கள் வன்னிப் பக்கத்து ஆள் என்பது மட்டும் வாயைத் திறந்ததும் தெரிந்தது. என் கையைப் பிடித்து, "நாங்களும் உடையார்கட்டால போனனாங்கள் பிள்ளை" என்றார். வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மகள் விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மா, முறிகண்டியில எறங்காம ஏன் போனீங்க? அந்த ஊரெல்லாம் நீங்க எனக்குச் சொல்லித் தரலையே."

ஜன்னலுக்கு வெளியே மழை. பொய் ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை. மைதானத்தில் அவ்வளவு பேருக்கு முன்னால் வாய்விட்டுச் சொன்னதை என் பிள்ளைக்கு ஏன் மறைக்க வேண்டும் என்று தோன்றியது. தாத்தா சுகமில்லாமல் சாகவில்லை என்று தொடங்கினேன். பலாபத்வல வந்ததைக் கவனிக்காமல் இரண்டு ஹோல்ட் தாண்டிப் போய், மழையில் நனைந்துகொண்டு திரும்பி நடந்தோம். நடந்தபடியே மீதியைச் சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். அழுத பிறகு இருவருக்கும் நன்றாகப் பசித்தது.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இன்றைக்கும் எங்காவது வேட்டுச் சத்தம் கேட்டால் முழங்கால் மடங்கத்தான் பார்க்கிறது. உடனே நாலந்தாவில் தொடங்குகிறேன். சில நாள் முறிகண்டியில் நிற்கிறது, சில நாள் நிற்காமல் பரந்தன் சந்திவரை போய்விடுகிறது. அங்கே நான் மேலே சொல்லாமல் நின்றுவிட்டால், பக்கத்தில் இருக்கிற மகள் கையைப் பிடித்துக்கொண்டு, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று மெதுவாகத் தொடர்கிறாள். இத்தனை வருடம் நான் தனியாகப் போய்வந்த பாதை அது, இப்போது இரண்டு பேராகப் போய் இரண்டு பேராகத் திரும்பி வருகிறோம்.